தகரி திரும்பும் பக்கம்

ஸ்டுடியோவில் எல்லாரும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். காதோரம் முழுக்க நரைத்து, மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதிரில் வருகிறவர் முகம் தெரியாத வயதிலும் அவர் தம்பிதான். அக்கா அப்படிக் கூப்பிட்டாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு மகன் வயதிருக்கும் இயக்குநர் மட்டும், மரியாதைக்கு ஒரு வாலை ஒட்டி, "தம்பி சார்" என்பார்.

அக்காதான் தகரியைப் பெற்றவள். முதலில் படக்கதை, பிறகு அனிமேஷன் தொடர். கதை நடக்கும் காலத்தில் கடல் ஏறி வந்துவிட்டது; நகரம் மாடிக்கு மேல் மாடியாக வானத்தைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. உச்சியில் குடியிருக்கும் மேல்தளத்தானுக்குக் கீழ்த்தளங்களை அறுத்துக் கடலில் விட ஆசை. கீழ்த்தளத்தில் கிரேன் ஓட்டும் ஒருத்தி, வெள்ளக்கதவு பாதியில் சிக்கி நின்றபோது கையை உள்ளே விட்டு அடைப்பை எடுத்தாள். கதவு மூடிக்கொண்டது. வலது கை போனது. பழைய கிரேனை உடைத்துச் செய்த இரும்புக் கையை மாட்டிக்கொண்டு வந்தவளை, தகரம், தகரம் என்று கேலி செய்தார்கள். "சரி, தகரின்னே கூப்பிடுங்க" என்று அதையே பேராக்கிக்கொண்டாள். அவள் தோளருகே குப்பை பொறுக்கும் குட்டி இயந்திரம் ஒன்று எப்போதும் பறக்கும். பேர் கொசு. எதிரே ஒரு படையே நின்றாலும், "இன்னிக்கு எனக்கு லீவு" என்று முனகிக்கொண்டே அவளுக்கு முன்னால் பாயும்.

அன்று காலை இயக்குநர் தம்பியை அறைக்குள் கூப்பிட்டார்.

"தம்பி சார், ரெண்டாவது சீசன்ல தகரிக்கு ரெண்டு கையையும் இரும்பாக்கிடறோம்."

தம்பிக்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஓர் உருவத்தை ஒரு பக்கம் நடக்கவைத்துவிட்டால், மறுபக்கம் நடக்கப் புதிதாக வரைய மாட்டார்கள். கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே திருப்பிப் போடுவார்கள். பாதி வேலை மிச்சம். ஆனால் தகரியைத் திருப்பினால் இரும்புக் கை இடது தோளுக்குத் தாவிவிடும். முதல் சீசன் முழுக்க அந்தத் தவறைத் தேடிப் பிடித்து, சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியதுதான் தம்பியின் பிழைப்பு. இரண்டு கையும் இரும்பானால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

"உங்க வட்டத்தைப் பாத்துப் பாத்தே என் ஆளுங்களுக்கு முடி கொட்டிப்போச்சு தம்பியண்ணா," என்றாள் அறையில் முன்பே உட்கார்ந்திருந்த எலும்பு. வரைந்த உருவங்களுக்குள் அசைவதற்கான எலும்புக்கூட்டைப் பொருத்துகிறவள் என்பதால் அந்தப் பேர். ஆள் பேருக்கு நேர்மாறு.

"ரெண்டும் இரும்புன்னா அவ வெறும் மெஷின்," என்றார் தம்பி. "ஒரு கையைக் கொடுத்தவங்கறதுதானே கதையே?"

"பிள்ளைங்களுக்கு இரும்புக் கைதான் சார் பிடிக்குது."

"அப்ப மூணா வச்சிருங்க. இன்னும் பிடிக்கும்."

இயக்குநர் சிரித்துவிட்டார். மனம் மட்டும் மாறவில்லை. "அக்காவோட படக்கதையைப் படிச்சுத்தான் சார் நானே இந்த வேலைக்கு வந்தேன். ஆனா வேலை ஓடணுமே. வேற வழி இருந்தா மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா மாத்திடுவோம்."

அக்கா இருந்திருந்தால் கீழ்த்தளம்வரை கேட்கும்படி சண்டை போட்டிருப்பாள். போன மழைக்காலத்தில் வரைபலகையின் முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உரக்கப் பேசும் பங்கையெல்லாம் அவளே எடுத்துக்கொண்டதால், தம்பிக்கு அது பழக்கமில்லை.

வரவேற்பறை அலமாரியில் படக்கதைகள் வரிசையாக இருந்தன. ஒரு கட்டை அள்ளிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். தகரி இடப்பக்கம் திரும்பும் இடங்களில் அக்கா எப்படிச் சமாளித்திருக்கிறாள் என்று பார்க்கலாமே.

பக்கங்களைத் தள்ளினார். தகரி ஓடினாள், தாவினாள், கயிற்றில் தொங்கினாள். எல்லாம் வலப்பக்கம் பார்த்து. படிக்கிறவனின் விரல் அடுத்த பக்கத்தைப் புரட்டக் காத்திருக்கும் அந்த ஓரத்தை நோக்கி, இரும்புக் கை நம் பக்கம் மின்ன, முன்னால், முன்னால். எதிரிகள்தான் அங்கும் இங்கும் திரும்பினார்கள்.

வெகுநேரம் கழித்து ஓரிடத்தில் திரும்பினாள். இடியும் படிக்கட்டில் ஒரு கிழவர் விழுந்து கிடந்தார். அவரைத் தூக்கத் திரும்பியபோது இரும்பு அந்தப்பக்கம் மறைந்து, நம் பக்கம் தெரிந்தது வெறும் கை. சதைக் கை. இன்னொரு புத்தகத்தில், சிறகு ஒடிந்து விழுந்த கொசுவுக்காக. கடைசிப் புத்தகத்தில், உடைந்த தளத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த மேல்தளத்தானுக்காகவே. அவனுக்கும் அதே வெறும் கையைத்தான் நீட்டினாள்.

முதல் சீசனின்போது ஒருநாள், "அவ இந்தப் பக்கம் திரும்பற மாதிரி நாலு படம் போட்டுக் குடுக்கா, உயிர் போகுது" என்று தம்பி கெஞ்சியிருந்தார். அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "திரும்பினா அவ வேற ஆளுடா."

வேலைக்கு மசியாமல் வாயடிக்கிறாள் என்றுதான் அன்று நினைத்தார்.

மத்தியானம் இயக்குநரின் மேசையில் புத்தகங்களை விரித்துவைத்தார். விளக்கம் சொல்லத் தொடங்கியவரை இயக்குநர் கையமர்த்தினார். அவர் படித்துக்கொண்டிருந்தார். உதடு அசைய, தலை குனிந்து, இயக்குநராவதற்கு முன்பு படித்ததுபோல.

"எத்தனை தடவை படிச்சிருப்பேன்," என்றார் கடைசியில். "அழுகை வந்த இடமெல்லாம் இதுதான் சார். ஏன்னு இப்பத்தான் தெரியுது."

கூட நின்று பார்த்த எலும்பு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள். "அவ முன்னால மட்டும் போனா எதுக்குத் திருப்பணும்? மத்தவங்களைத் திருப்பிக்கலாம். காப்பாத்தத் திரும்பறப்ப மட்டும் தனியா ஒரு உருவம் செஞ்சா போதும். ஐயோ, என் வேலையே குறையுதே! யாராவது முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டேதான் இருந்தா," என்றார் தம்பி. "நாம வேலையா இருந்தோம்."

இடப்பக்கம் திரும்பும் உருவத்தைத் தம்பியே அக்காவின் படங்களைப் பார்த்து வரைந்தார். எலும்பு அதற்கு எலும்பு பொருத்தினாள்.

"தம்பியண்ணா, சுண்டுவிரல் கோணிக்கிட்டு நிக்குது. நேராக்கிடவா?"

தம்பி சிவப்புப் பேனாவை எடுத்துக் குனிந்து பார்த்தார். அக்கா வலது கையால் வரைவாள். மாதிரிக்குத் தன் இடது கையைப் பலகைமேல் விரித்துவைத்துக்கொள்வாள். பிறந்ததிலிருந்தே வெளிப்பக்கம் கோணிய சுண்டுவிரல் அது.

"அது தப்பில்லம்மா. அந்தக் கை அப்படித்தான்," என்று ஓரத்தில் 'சரி' போட்டார்.

எலும்பு ஓட்டிக் காட்டினாள். ஓடிக்கொண்டிருந்த தகரி நின்றாள். திரும்பினாள். கை நீண்டு வந்தது.

"இன்னொரு தடவை போடும்மா."

"ஏன், எங்கயாவது தப்பா?"

"இல்ல," என்றார் தம்பி. "சும்மா பாக்கணும்."