பதினோரு மணிக்குச் சொன்னது

டாக்டர் மகாலட்சுமி சொல்லி முடித்தார். எத்வாரி அவரைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்தாள்.

"கொழந்தைக்கு ஹார்ட் பீட் இல்லிங்க சிஸ்டர். ரெண்டு வாட்டி ஸ்கேன்ல பாத்துட்டேன். நாளைக்குக் காலையில வலிக்கு மருந்து வெச்சு எடுத்துடலாம். பக்குவமா சொல்லி ஒரு கையெழுத்து வாங்கிக்குடுங்க."

சிஸ்டர் என்பது பழைய கதை. ராஞ்சிப் பக்கம் ஒரு மடத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். கன்னியாஸ்திரியாகத் தேறவில்லை, அங்கே பேசுகிற சாத்ரி மொழி மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பி, தேவேந்திரனோடு சேர்ந்து திண்டிவனம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் அறக்கட்டளை தொடங்கி ஏழு வருடமாகிறது. ரைஸ் மில்லுக்கும் குவாரிக்கும் வந்திருக்கிற வடக்கத்தி ஜனங்களுக்கு ஆஸ்பத்திரியிலும் ஸ்டேஷனிலும் கூட நின்று பேசிக் கொடுப்பது எங்கள் வேலை. எதையும் கூட்டாதே, குறைக்காதே. இதை ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கிற வாய் என்னுடையது. போன மாதம்கூட, மேஸ்திரி பேசிய கெட்ட வார்த்தையை ஒரு பெண்ணிடம் சொல்லாமல் விட்டதற்காக, எங்களிடம் வேலை பார்த்த தமிழினியைப் பிடித்துக் காய்ச்சினேன். "அவங்க காது, அவங்க கேக்கட்டும். எது தாங்குவாங்க, தாங்க மாட்டாங்கன்னு முடிவு பண்ண நீ யாரு?" என்றேன். பாவம், அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள்.

எத்வாரிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அனந்தபுரம் பக்கம் மில்லில் நெல் உலர்த்துகிறவள். எட்டாம் மாதம். இரண்டு நாளாக வயிற்றில் அசைவில்லை என்று பயந்துபோய் வந்தாள். தன் அப்பாவின் சாவுக்கு ஊருக்குப் போன புருஷன் திரும்பி வருகிற ரயிலில் இருந்தான். மறுநாள் மத்தியானம்தான் வந்து சேருவான். அவன் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேனா, இல்லை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லையா? இப்போது என்ன காரணம் சொன்னாலும் சப்பைக்கட்டுதான்.

"நாளைக் காலையில் வலி வர மருந்து வைப்பார்கள். அதற்கு ஒரு கையெழுத்து வேண்டுமாம்" என்றேன்.

"அப்படியென்றால் குழந்தை நன்றாக இருக்கிறதா?"

"ம்."

எத்வாரி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"தைரியமான பொண்ணு" என்று டாக்டர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் இட்லி வாங்கிப் போனேன். மூன்றைத் தின்றாள். நாலாவதைப் பார்த்து முகம் சுளித்தாள். "இது இவனுக்கு" என்று வயிற்றைக் காட்டிச் சிரித்துவிட்டு அதையும் விழுங்கினாள். புருஷனுக்கு போன் போட்டு, வரும் வழியில் சின்னச் சட்டை ஒன்று வாங்கி வரச் சொன்னாள். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் தேவேந்திரன் கூப்பிட்டான். "அக்கா, சொல்லிட்டீங்களா? எப்டி தாங்கிக்கிச்சு?"

"தாங்கிக்கிச்சுப்பா."

"நீங்க கூட இருந்ததாலதான்க்கா."

காலையில் டாக்டர் மருந்தோடு வந்தபோது எத்வாரி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் வயிற்றில் நர்ஸ் மணிக்கொரு தரம் ஒரு கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவள் வயிற்றில் ஒரு தடவைகூட வைக்கவில்லை. எத்வாரி அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"டாக்டரிடம் கேள். அவளுக்கு வைத்துக் கேட்கிறார்கள், எனக்கு ஏன் வைப்பதில்லை?"

கேட்டேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

டாக்டர் விழித்தார். "இன்னா சிஸ்டர் இது? நேத்துப் பதினோரு மணிக்கே சொன்னேனே, ஹார்ட் பீட் இல்லன்னு. இவங்களும் தலையாட்டுனாங்களே."

பிளாஸ்க்கோடு வாசலில் வந்து நின்ற தேவேந்திரன் என்னைப் பார்த்தான். அவனுக்குச் சாத்ரி தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் புரிகிற ஆள் அங்கே நான் ஒருத்திதான். 'டாக்டருக்கே இப்போதுதான் தெரிந்ததாம்' என்று எத்வாரியிடம் சொல்லிவிட்டால் உலகத்தில் ஒருவராலும் என்னைப் பிடிக்க முடியாது. கடவுளே, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

எத்வாரி என் மணிக்கட்டை விடவில்லை.

"குழந்தையின் இதயம் நின்றுவிட்டது. டாக்டர் அதை நேற்றுப் பதினோரு மணிக்கே சொன்னார்" என்றேன். "நான்தான் உன்னிடம் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறதா என்று நீ கேட்டபோது பொய் சொன்னேன்."

அவள் அழவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். என்னைத் தாண்டி டாக்டரைப் பார்த்தாள். மில்லில் பொறுக்கிய தமிழைத் தேடித் தேடி எடுத்து, அவளே கேட்டாள்.

"அம்மா... கொயந்த... இல்ல?"

"இல்லம்மா."

"நேத்து... இல்ல?"

"நேத்தே இல்லம்மா."

அந்தச் சட்டையைப் பற்றி அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. சட்டைக்குத் தமிழ் தெரியாமல் தன் ரவிக்கையைத் தொட்டுக் காட்டினாள், பிறகு கையால் சின்னதாக ஓர் அளவு காட்டினாள். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சொல்ல வாயெடுத்தேன். எத்வாரி என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தார். எத்வாரி மறுபடியும் முதலிலிருந்து ரவிக்கையைத் தொட்டுக் காட்டினாள்.