எஞ்சினுக்க மூக்குல ஒரு குருசு

மத்தவளுவளுக்க மாப்பிளமாரு மஸ்கட்டுலேருந்து வந்தா செண்டு கொண்டு வருவாவ, சாக்லேட்டு கொண்டு வருவாவ. எனக்க மாப்பிள யூஜின் பெட்டி நெறய ரயில் எஞ்சின் கொண்டு வந்தாரு. எல்லாம் கையளவு பொம்மை எஞ்சின். ஜெர்மனில செஞ்சதாம், எவனோ பழசுன்னு வித்ததாம். குளச்சல்ல எங்க வீட்டுக்குக் கடல் சத்தம்தான் கேக்கும். அந்த வீட்டுல எஞ்சின் ஷெட்டு வந்தா எனக்குக் கோவம் வராதா?

"இந்த எளவு எல்லாம் எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"பழைய பெயிண்ட உரிச்சு, நம்ம ஊரு எஞ்சின் மாதிரி கலர் அடிச்சு, நம்பர் எழுதிக் குடுக்கணும் ஷைஜா. இதுல கிறுக்கு பிடிச்சவனுவ சென்னையில உண்டு, பெங்களூர்ல உண்டு. சென்னைக்காரர் ஒருத்தரு மொத ஆர்டர் தந்தாச்சு. இப்படியே ஆர்டர் கிடைச்சா நான் திரும்பிப் போக வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தையில எனக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளிச்சு. வெளிய காட்டுவேனா? வலைக் கம்பெனில நான் வாங்குற சம்பளத்துல அடுப்பு எரியும், அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது. "செரி, மொத ஆர்டர அந்த ஆளு ஏத்துக்கிட்டா இங்க இரிங்க. திருப்பி அனுப்பினா பேசாம ஃபிளைட் ஏறணும்"னேன். அவரும் தலைய ஆட்டினாரு.

கல்ஃபுக்குப் போறதுக்கு முன்ன யூஜின் துறைமுகத்துல வள்ளங்களுக்குப் பேரெழுதின ஆளு. முழ நீள எழுத்து எழுதின கை, இப்ப அரிசியவிடச் சின்ன எழுத்து எழுதணும். வள்ளத்துக்குச் செய்யுற பழக்கத்துல மொத எஞ்சின தின்னர் போட்டுத் துடைச்சாரு. மரம் தாங்கும், பிளாஸ்டிக் தாங்குமா? சுட்ட கத்திரிக்கா மாதிரி சுருங்கிப் போச்சு. "கொள்ளாம், நல்ல அழகு"ன்னு குத்தலாச் சொன்னேன். 

சென்னைக்காரருக்கு அனுப்ப வேண்டிய எஞ்சின மட்டும் பாத்துப் பாத்துச் செஞ்சாரு. ஸ்பிரிட்ல ஊறப் போட்டு, எனக்க டூத் பிரஷ்ஷையே எடுத்து பையப் பைய உரசினாரு. செவப்பு அடிச்சு, டேப்பு ஒட்டி வெள்ளைப் பட்டை இழுத்தாரு. நம்பர் எழுதும்போது ஃபேன் போட விடல்ல. வேர்த்து ஒழுக நானும் பக்கத்துலயே இருந்தேன். சத்தியமாச் சொல்லுதேன், அழகுன்னா அப்படி ஒரு அழகு. மறுநாளே கூரியர்ல போட்டோம்.

பதில் வந்திச்சு. எஞ்சினுக்க போட்டோ, முன்பக்கத்துல ஒரு வட்டம் போட்டுக் காட்டியிருந்தாரு. நம்பருக்குக் கீழ கடுகளவுல ஒரு வெள்ளைக் குருசு, சிலுவை அடையாளம். "இது என்ன? அசல் எஞ்சின்ல இது கிடையாது. எனக்கு அசல் மாதிரியே வேணும். திருப்பி அனுப்புறேன்"னு எழுதியிருந்தாரு.

"இது எப்பங்க போட்டிய?"

"எனக்கு ஓர்மையே இல்ல ஷைஜா" என்னாரு. பொய் சொல்லுற முகம் இல்ல. எங்க கரையில வள்ளத்துக்குப் பேரெழுதி முடிச்சா, கடைசியா முன்மூக்குல ஒரு குருசு போடணும். கடலுக்குப் போறது பத்திரமாத் திரும்பி வரணுமே. நம்பர் முடிஞ்ச உடனே அவருக்க கை தன்னால போட்டிருக்கு. பேக் பண்ணும்போது நானும் அதப் பாத்தேன். பாத்தும் ஒண்ணும் தோணல்ல. மூக்குல குருசு இல்லாட்டாதான் எங்க கண்ணுக்கு உறுத்தும்.

எஞ்சின் திரும்பி வந்திச்சு. யூஜின் பஞ்ச ஸ்பிரிட்ல முக்கி, குருசுக்குப் பக்கத்துல கொண்டு போவாரு, கைய எடுத்துக்கிடுவாரு. "போட்ட குருச இதுவரைக்கும் அழிச்சது இல்லட்டி"ன்னு சொல்லிட்டு, பஞ்ச வச்சிட்டு, அலமாரி மேல இருந்த பெட்டிய எறக்கினாரு. வரும்போதே எடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டு, ஞாயித்துக்கிழம ஃபிளைட்டு.  அன்னைக்கு நான் சொன்னபடியே ஃபிளைட் ஏற, சட்டைய மடக்கி அடுக்க ஆரம்பிச்சாரு.

எனக்கு எனக்க மேலயே ஆத்திரமா வந்திச்சு. இவரு போகும்போதெல்லாம் திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல நெத்தியில பெருவிரலால குருசு போட்டு அனுப்புறவ நான். சிரிச்சிக்கிட்டே அனுப்புவேன். பொறவு வேனுல மார்த்தாண்டம் வரைக்கும் அழுதுக்கிட்டு வருவேன். அது இந்த மனுஷனுக்குத் தெரியாது. இனியும் ஒருக்கா அந்த நெத்தியில விரல வைக்க என்னால ஆகாது.

பஞ்ச எடுத்து நானே துடைச்சேன். குருசு போச்சு, நம்பருக்கு ஒண்ணும் ஆகல்ல.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்ச?"

"குருசு எதுக்குப் போடுறது? போறது திரும்பி வரதுக்கு. அது வேலை செஞ்சிட்டுது பாத்தியளா, போன எஞ்சின் அதே வேகத்துல திரும்பி வந்திட்டுது. இனி இது போனா சென்னையிலயே கெடக்கட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்திச்சு, ஆனா கை சட்டைய விடல்ல. "அந்த ஆளு மறுபடியும் வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லட்டும். வேற கிறுக்கன் வருவான், வராட்டாலும் கஞ்சி குடிப்போம். நான் சொன்ன பேச்ச நானே மாத்துதேன். நீங்க இல்லாம என்னால முடியல்ல. இங்க இரிங்க."

மடக்கின சட்டைய ஒண்ணொண்ணா பெட்டியிலேருந்து வெளிய எடுத்தாரு. பொறவு எந்திச்சு, பெட்டிய அலமாரி மேல தூக்கி வச்சாரு. ஞாயித்துக்கிழம அந்த ஃபிளைட்டு அவரில்லாமப் போச்சு. நாங்க ரெண்டு பேரும் பூசைக்குப் போயிட்டு, வர்ற வழியில நெய்மீன் வாங்கிட்டு வந்தோம்.