புள்ளி வைக்காத அக்கா

மனைவியின் வளையல்களை மாமியார் கேட்டிருந்தார். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளத்தான் என்று நினைத்தேன். அவள் இறந்து ஒரு மாதம். எதையும் மறுக்கத் தோன்றவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கூடத்தில் மைத்துனன் சலவைக்கடைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிறுவயதிலேயே பார்வை போனது. பள்ளி முடிப்பதற்குள் காதும் போனது. பேச்சு மட்டும் மிச்சம். நாம் சொல்வதை அவன் உள்ளங்கையில் விரலால் எழுத வேண்டும். அவன் அக்கா கண்டுபிடித்த வழி அது. எனக்கும் அவள்தான் பழக்கிவிட்டாள். மெய்யெழுத்து வந்தால் நகத்தால் ஒரு குத்து, அதுதான் புள்ளி.

தோளைத் தொட்டேன். என் கைக்கடிகாரத்தைத் தடவிப் பார்த்தான்.

"மாமா! அக்காவுக்கு ட்ரெயினிங் எப்ப முடியுது?"

நான் மாமியாரைப் பார்த்தேன்.

"அவ வெளியூர் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கோம் மாப்ள. தெரிஞ்சா தாங்க மாட்டான்."

"செத்துப்போனதே அவனுக்குத் தெரியாதா?"

நாற்காலியில் இருந்த மாமியாரின் தம்பி சிரித்தார். "மெதுவாப் பேசுங்க மாப்ள. அவன் காதுல விழுந்துடப் போகுது."

அந்த நாற்காலியை எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

மாமியார் வளையல்களைத் தன் கையில் ஏற்றிக்கொண்டார். மகளுடைய தலை எண்ணெயைக் கழுத்தில் தடவிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை இழுத்து எழுதினார்: அககா வநதுடடேன.

அவன் வளையல்களைத் தொட்டான். முகம் மலர்ந்தது. மறுபடி எழுதச் சொன்னான். எழுதினார். மலர்ந்த முகம் அப்படியே இறுகியது.

"வளையலைக் கழட்டும்மா."

மாமியார் அசையவில்லை.

"புள்ளி வெக்காம அக்கா எழுத மாட்டா. கழட்டு! நான் என்ன பொம்மையா? ஒரு மாசமா வீட்டுல ஒருத்தரும் ஒழுங்காக் காலை ஊனி நடக்கல, தரையிலயே தெரியுது. என்னைத் தொடும்போதெல்லாம் உன் கை நடுங்குது. மாமா, நீங்க சொல்லுங்க."

கையை நீட்டினான். மாமியார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதறினேன்.

அக்கா செத்துட்டா. மூன்று புள்ளி. மூன்றையும் அழுத்தினேன்.

அவன் அழவில்லை. "எப்ப?"

போன மாசம் என்று எழுதினேன்.

மடித்த துண்டுகளையெல்லாம் கையால் வாரி அடித்தான். அவை நாற்காலிவரை சிதறின.

"எடுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? நீங்கல்லாம் மொகம் பாத்தீங்க. எனக்கு அவ கையைக் குடுத்திருக்கலாம்ல?"

"என்னவாம்? எதுக்குக் கத்தறான்?" என்றார் நாற்காலிக்காரர். மாமியார் வளையலை இழுத்துக்கொண்டிருந்தார். கழன்று வரவில்லை.

"நீங்க தொட்டீங்களா மாமா?"

தொட்டேன்.

"எப்படி இருந்துச்சு?"

இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அவன் உள்ளங்கையை விரித்துப் பிடித்தேன். சில்லுனு என்று எழுதினேன். புள்ளியைக் குத்திய நகத்தை என்னால் எடுக்க முடியவில்லை.

அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.