அலை எழுப்பாத வண்டி

மலபோன் என்கிற கடலோர ஊரில் ஓர் ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அவரோடு பழக வேண்டியதில்லை. கடல் ஓதம் ஏறித் தெருவில் தண்ணீர் நிற்கும்போது அவர் வண்டியை எப்படி ஓட்டிப்போகிறார் என்று வாசலில் நின்று ஒருமுறை பார்த்தால் போதும். வேகமாகப் போனால் சக்கரம் தள்ளும் தண்ணீர் அலையாகி, இரண்டு பக்கத்து வீடுகளுக்குள்ளும் புகுந்துவிடும். செருப்பு போன இடம் தெரியாது. அரிசிப் பை அடியில் நனைந்து நாலு நாளில் நாறும். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. இதற்குச் சட்டம் கிடையாது, அபராதம் கிடையாது. மனசு இருப்பவர்கள் மெதுவாகப் போவார்கள், அவ்வளவுதான்.

அன்செல்மோ முப்பத்தொரு வருஷம் அந்தத் தெருக்களில் ஜீப்னி என்கிற பயணிகள் வண்டியை ஓட்டினார். அவர் வண்டி கடந்துபோனால் வாசற்படியில் வைத்த காபிக் கோப்பைகூட நனையாது என்பார்கள். எதிரே வண்டி வந்தால் இவர்தான் ஒதுங்குவார். அவரைக் கூயா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பயணிகளுக்கு இது பெரிய கேலி.

"கூயா, சந்தைக்கு இன்னிக்குப் போய்ச் சேருவமா, கிறிஸ்துமஸுக்கா?"

"கிறிஸ்துமஸுன்னா சந்தையில கூட்டமா இருக்கும். அதுக்கு முந்தின வியாழக்கிழமை எறக்கி விட்டுடறேன்" என்பார்.

வண்டியின் பின்பக்கம் 'முதலில் நீங்கள்' என்று வெள்ளை எழுத்தில் இருக்கும். எழுதியவள் அவர் மனைவி ரெமெடியோஸ். இரண்டாம் வகுப்பு ஆசிரியை. கரும்பலகையில் எழுதிப் பழகிய கை என்பதால் ஓர் எழுத்துகூட மேலே கீழே போகாது. வேறு எந்த எழுத்தும் அந்த வண்டியில் இல்லை. தேர்தல் வந்தால் ஊரில் எல்லா வண்டிக்கும் நிறம் வந்துவிடும். ஆரஞ்சுக் கட்சி ஸ்டிக்கர் பாதி வண்டிகளில், பச்சைக் கட்சி ஸ்டிக்கர் மீதியில். இவர் இரண்டையும் ஒட்ட விட்டதில்லை.

"ஒட்டினா என்ன? காகிதம்தானே?" என்று ஒருமுறை அவள் கேட்டாள்.

"காகிதம்தான். ஆனா அத ஒட்டின மறுநாளே பச்சைக்காரன் எனக்கு ஒதுங்க மாட்டான். ரெண்டு நாள் போனா நானும் அவனுக்கு ஒதுங்க மாட்டேன். அப்புறம் அலை யார் வீட்டுக்குள்ள போகும்?"

வட்டாரத் தலைவரை அங்கே கப்பித்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பித்தான் டெல்ஃபின் ஆர்சியோ வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு ஓத நாட்காட்டி கொடுப்பார். எந்த நாளில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று பார்க்க அது இல்லாமல் முடியாது. மேல் பாதி முழுக்க அவர் சிரித்த முகம். அன்செல்மோ கத்தரிக்கோலால் முகத்தை வெட்டி எடுத்துவிட்டுத் தேதிகளை மட்டும் சுவரில் மாட்டுவார்.

கப்பித்தான் நகராட்சி உறுப்பினர் பதவிக்கு ஆரஞ்சுக் கட்சியில் நின்ற வருஷம், ஏப்ரல் கடைசியில், அன்செல்மோ இறந்துபோனார். வண்டி நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. அவருக்கு முன்னால் இடம் காலியாகியும் வண்டி நகரவில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்செல்மோ வழக்கம்போல வழி விடுகிறார் என்றே நினைத்தார்கள். நாலு வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயின. நாலு பேரும் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்களாம். ஐந்தாவதாக வந்த போன்சியானோதான் இறங்கிப்போய்ப் பார்த்தார்.

ரெமெடியோஸுக்கு அதற்குப் பிறகு நிச்சயமாக இருந்தது ஒரே ஒரு விஷயம். அவர் எந்த நிறமும் இல்லாமல் ஓட்டினார். எந்த நிறமும் இல்லாமல் போகட்டும்.

சவப்பெட்டியை ஐந்து நாள் வீட்டில் வைப்பதாக முடிவானது. முதல் நாள் காலையிலேயே ஒரு லாரி வந்து நின்றது.

"நானாய், கப்பித்தான் அனுப்பினாரு. சாமியானா, அம்பது நாற்காலி" என்றான் இறங்கியவன். வயசான பெண்களை அங்கே நானாய், அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள். சாமியானா ஆரஞ்சு நிறம். நாலு பக்கமும் தொங்கலில் ஆர்சியோ, ஆர்சியோ, ஆர்சியோ என்று இருந்தது.

"நாற்காலிய மட்டும் வச்சுட்டுப் போப்பா."

"நாற்காலி முதுகுலயும் அவரு பேருதான் நானாய்."

"அப்ப ரெண்டும் வேண்டாம்."

"மே மாச வெயிலு மண்டையப் பொளக்குமே. வர்றவங்க எங்க நிப்பாங்க?"

"எங்க வீட்டுக்காரரு வெயில்லதான் ஓட்டினாரு. அவரப் பாக்க வர்றவங்களுக்கும் பழக்கந்தான்."

அவன் கோபப்படவில்லை. துணியை மறுபடி மடித்து ஏற்றிவிட்டு, "பச்சைக்காரங்க சாமியானாவ மட்டும் வாங்கிடாதீங்க நானாய். எங்களுக்குச் சங்கடமாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் லூசிங் வெளியே வந்தாள். "ஏம்மா இப்படிப் பண்றே? செத்தவங்களுக்கு ஏதும்மா கட்சி?"

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றாள் ரெமெடியோஸ்.

மூன்றாம் நாள் மதியம் ஓதம் ஏறியது. தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பிஸ்கட்டும் காபியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஓர் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஜீப்னி வேகம் குறைக்காமல் போனது. அலை படியேறி உள்ளே வந்து, பெட்டியின் கீழே வைத்திருந்த மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டுத் திரும்பியது. யாரோ புது ஆள் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். பத்து நிமிஷத்தில் இன்னொன்று. அதுவும் ஆரஞ்சுதான். அந்த ஓட்டுநரை ரெமெடியோஸுக்குத் தெரியும். அவர் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவர் நேரே பார்த்துக்கொண்டு போனார்.

போன்சியானோ லூசிங்கின் ஞானத்தந்தை. அந்த உறவில் அவர் ரெமெடியோஸை எப்போதும் மாரே என்றுதான் கூப்பிடுவார். அவரும் இன்னும் மூன்று பேருமாகப் பெட்டியைத் தூக்கி, கீழே இரண்டிரண்டு சிமெண்ட் கல் கொடுத்து உயர்த்தி வைத்தார்கள்.

"கப்பித்தான் சொல்லி விட்டாரா?" என்று ரெமெடியோஸ் கேட்டாள்.

"யாரும் சொல்லிருக்க மாட்டாங்க மாரே. சொல்லவே வேண்டியதில்ல. சாமியானாவத் திருப்பி அனுப்பிட்டீங்கனு தெரிஞ்சிருக்கும். ஆரஞ்சு வேண்டாம்னா பச்சைன்னுதானே அர்த்தம்? இப்ப ஊருல மூணாவது ஒண்ணு கெடையாது."

மாலைக்குள் பச்சைக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் அணைபோட முப்பது மணல் மூட்டை. ஒவ்வொரு மூட்டையிலும் பச்சை எழுத்தில் அவர்கள் வேட்பாளர் பெயர். ரெமெடியோஸ் நனைந்த தரையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"எழுத்து உள்பக்கமா இருக்கற மாதிரி அடுக்கலாமா?" என்று கேட்டாள்.

வந்தவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கா நானாய் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தோம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அன்செல்மோ போனபின் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மூட்டைகள் வந்த வழியே போயின. போன்சியானோ மீன்சந்தையிலிருந்து பழைய மீன்பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து வாசலில் அறைந்தார். பாதி அலையைத்தான் அது தடுத்தது. மறுநாள் ரெமெடியோஸ் ஓத நேரம் முழுக்க ஒரு துடைப்பத்தோடு பெட்டியருகே நின்றாள். அணைந்த மெழுகுவர்த்திகளைத் திரும்பத் திரும்ப ஏற்றினாள்.

ஐந்தாம் நாள் நாட்காட்டியில் ஓதம் மூன்று ஐம்பது என்று இருந்தது. ஒரு மணிக்குக் கிளம்பினால் தண்ணீர் வருமுன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் கோயிலில் ஒரு கல்யாணம் முடியாமல் நீண்டுகொண்டே போனது. ஆசீர்வாதம் முடிந்து கிளம்பும்போது இரண்டரை. முன்னால் சவ வண்டி. அதன் பின்னால் அன்செல்மோவின் ஜீப்னியைப் போன்சியானோ ஓட்டினார். ரெமெடியோஸும் லூசிங்கும் அவர் பக்கத்தில். மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள்.

பெரிய சாலையின் நடுப்பகுதிக்கு வரும்போதே இரண்டு ஓரமும் தண்ணீரில் மூழ்கியிருந்தன. நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு மேடு மட்டும் காய்ந்திருந்தது. அந்த மேட்டில், எதிர்த் திசையிலிருந்து, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆரஞ்சுக் கட்சியின் பிரசார ஊர்வலம் வந்தது. லாரி, ஜீப்னி, மூன்று சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள். போன்சியானோ எண்ணிப் பார்த்தார். நாலு சக்கர வண்டி மட்டும் இருபத்தாறு.

சவ வண்டி நின்றது. ஊர்வலமும் நின்றது. கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போன்சியானோ இறங்கிப்போய்ச் சவ வண்டி ஓட்டுநரிடம் பேசிவிட்டு வந்தார். "பின்னாடி எடுக்க மாட்டானாம் மாரே. பொணத்தோட திரும்பினா வீட்டுல இன்னொருத்தரக் கூட்டிட்டுப் போகுமாம். வேற யாரையாச்சும் ஓட்டச் சொல்லுங்கன்னு சாவியக் கையில குடுக்கறான்."

ரெமெடியோஸுக்குத் திரும்புகிற எண்ணமும் இல்லை. கல்லறைச் சுவரில் பெட்டியை வைக்கும் மாடத்தை மூடக் கொத்தனார் கலவையோடு காத்திருந்தார். நாலு மணிக்கு மேல் அங்கே இடுப்பளவு தண்ணீர்.

முதல் லாரியிலிருந்து கப்பித்தான் இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை. மடக்கிவிடக்கூட இல்லை, அப்படியே தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். கையைத் தூக்கினார், பாட்டு நின்றது. தொப்பியைக் கழற்றிச் சவ வண்டியின் முன் நின்று சிலுவைக் குறி போட்டார். பிறகு ஜீப்னிக்கு வந்தார்.

"நானாய், எங்க தப்பு. உங்க வழிய மறிச்சுட்டோம்."

"பரவால்ல கப்பித்தான். கொஞ்சம் ஒதுங்கிக்கிட்டா போதும்."

"ஒதுங்கலாம். எங்க ஒதுங்கறது? நீங்களே பாருங்க, ரெண்டு பக்கமும் தண்ணி." அவர் சொன்னது உண்மைதான். "நாங்க பெட்ரோல் பங்க் வரைக்கும் பின்னாடி எடுக்கறோம். அங்க திரும்பிக்கிட்டு உங்களுக்கு முன்னாடி போய் வழிய ஒழுங்குபண்ணித் தர்றோம்."

"முன்னாடி வேண்டாம். பங்க்ல நின்னுக்கோங்க. நாங்க போயிடறோம்."

"இத்தன வண்டி அந்தப் பங்க்குல நிக்குமா நானாய்?" அவர் குரல் மிக மென்மையாக இருந்தது. "கூயா அன்செல்மோ எனக்கு ஒரு நாளும் ஓட்டுப் போட்டதில்ல, தெரியும். அதனால என்ன? இந்த ஊருக்கே வண்டி ஓட்ட மரியாதை கத்துக்குடுத்தவரு. அவருக்கு வழி விடலன்னா நாங்கல்லாம் மனுசங்களா?"

அவர் திட்டியிருந்தால் பதில் இருந்தது. மிரட்டியிருந்தால் இறங்கிப்போய் வண்டியின் முன் நின்றிருப்பாள். வழி விடுகிறேன் என்று நிற்கிறவரை எப்படி மறிப்பது? அவள் போன்சியானோவைப் பார்த்தாள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மேட்டின் மேலும் ஏறி ஜீப்னியின் சக்கரங்களைத் தொட்டிருந்தது.

"சரி" என்றாள்.

இருபத்தாறு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பங்க்கில் திரும்பி வரிசை பிடித்து முன்னால் போயின. ஆரஞ்சுக் கொடிகள் காற்றில்லாமல் தொங்கின. எல்லா முகப்பு விளக்குகளும் எரிந்தன. முதல் லாரிக்கும் சவ வண்டிக்கும் நடுவே கப்பித்தான் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்தே போனார்.

அவர்கள் அவ்வளவு மெதுவாகப் போனார்கள். ரெமெடியோஸ் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனாள். அவ்வளவு வண்டிகள் போயும் ஒரு வாசற்படிகூட நனையவில்லை. மூன்றாம் நாள் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் போனவரும் அந்த வரிசையில் இருந்தார். அவர் வண்டிக்குப் பின்னால் தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. அன்செல்மோ முப்பத்தொரு வருஷம் ஆசைப்பட்டது இதுதான். ஊர் முழுக்க ஒரு நாளாவது இப்படி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

வாசல்களில் நின்றவர்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது ஜீப்னிக்குள் தெளிவாகக் கேட்டது.

"இவரு கப்பித்தானோட ஆளா? இத்தன வருசமாத் தெரியாமப் போச்சே."

பின்னால் வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு யாரோ அட்டை விசிறிகள் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். ஆரஞ்சு விசிறி, நடுவில் சிரித்த முகம். ஜீப்னி சன்னல் வழியாகவும் இரண்டு நீட்டினார்கள். லூசிங் வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் ரெமெடியோஸுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. போன்சியானோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். லூசிங் தன் கையில் இருந்த விசிறியால் வேகமாக விசிறினாள்.

அந்தக் காற்று சில்லென்று இருந்தது. அவள் அதைத் தள்ளிவிடவில்லை.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு வீட்டில் ஆட்கள் கூடியிருந்தபோது மறுபடி ஓதம். இந்த முறை பச்சை ஸ்டிக்கர் வண்டிகள். முதல் அலையிலேயே போன்சியானோ அறைந்த பலகை ஒன்று பெயர்ந்து மிதந்தது. ரெமெடியோஸ் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி, அடுத்து வந்த வண்டியின் முன் கை நீட்டி நின்றாள். வண்டி நின்றது. சின்ன வயசுதான், முப்பது இருக்கும்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு எந்தக் கட்சியும் இல்ல. வண்டியப் பாரு, அங்கதான் நிக்குது. ஒரு ஸ்டிக்கராவது இருக்கா?"

அவன் எஞ்சினை அணைத்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"நானாய், நான் அன்னிக்கு அந்தப் பங்க்லதான் டீசல் போட்டுட்டு இருந்தேன். இருபத்தாறு வண்டி முன்னாடி போச்சு. கப்பித்தான் நடந்து போனாரு. உங்க வண்டிக்குள்ள விசிறி நீட்டினாங்க, வாங்கிக்கிட்டீங்க. நான் என் கண்ணால பாத்தேன் நானாய்."

அவள் நீட்டிய கையை இறக்கினாள். அவள் ஓரமாக ஒதுங்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு வண்டியைக் கிளப்பி, அவளுக்காக, மெதுவாகவே ஓட்டிப்போனான்.

அவனுக்குப் பின்னால் வந்தவன் காத்திருக்கவில்லை. அவள் படியேறுவதற்குள் அலை அவளைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டது.