உப்புத் தண்ணீரில் அலசிய சோளம்

லியோனார்டின் புறாக்கள் செத்த காலையில், எங்கள் எஸ்டேட் கடை வாசலில் விசாரணையும் தீர்ப்பும் ஒரே மூச்சில் முடிந்துவிட்டன. குற்றவாளி குணவதி டீச்சர். சாட்சி யாரும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

லியோனார்ட் தேயிலை லோரி ஓட்டுகிறவர். லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு அவருடையது, அதை ஒட்டிய வீடு என்னுடையது. ஆகவே அங்கே எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடப்பதில்லை. டீச்சர் தமிழ்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து எதிரில் வாடகைக்கு இருக்கிறார். கொடியில் காய்ந்த புடவையில் புறா எச்சமிட்டதற்காகப் போன வாரம் ஒரு சத்தம் போட்டார். “இன்னொரு தடவை வரட்டும், என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது!” அவ்வளவுதான் சொன்னார். அது போதுமாக இருந்தது.

“நேத்து சாயங்காலம் நல்லா பறந்துச்சுங்க,” என்றார் லியோனார்ட். “காலைல பாத்தா கழுத்து திருகி, ரெக்கை இழுத்துக்கிட்டு, பொத்து பொத்துனு விழுது. வெஷம் இல்லாம இப்படி ஆகுமா?”

கேள்வி நியாயம்தான். அந்த நேரம் பார்த்து ரொட்டி வாங்க டீச்சர் வந்தார். அவரைக் கண்டதும் லியோனார்டின் குரல் இரண்டு மடங்கானது. “பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கற கை, என்ன வேலை செஞ்சிருக்கு பாருங்கலா!”

“நானா? ஒரு கரப்பான்பூச்சிய அடிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்ல, அண்ணே!”

“அதனாலதான் வெஷம்.”

கூட்டம் சிரித்தது. டீச்சர் ரொட்டியை அப்படியே பலகையில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் ஒரு தாய், டீச்சர் கொடுக்கும் மிட்டாயை வாயில் வைக்காதே என்று மகனுக்குச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை எந்த முகத்தோடு டீச்சர் வகுப்புக்குப் போவார்?

மறுநாள் துக்கம் விசாரிக்க லியோனார்ட் வீட்டுக்குப் போனேன். வேவு பார்க்கப் போனேன் என்று யாராவது சொன்னால் அது அவரவர் மனசு. பின்பக்கக் கால்வாயில் ரோஸ் நிறத்தில் தண்ணீர் ஓடியது. அவர் மனைவி ஐவி குந்தி உட்கார்ந்து சோளம் அலசிக்கொண்டிருந்தாள்.

“என்ன ஐவி, சாயம் போவுது?”

“விதைச்சோளம்க்கா. கோலா தெர்லா பக்கம் காய்த்தோட்டம் வச்சிருக்கற தவுக்கே, மிச்சம்னு சும்மா குடுத்தாரு. ரோஸ் மருந்து ஒட்டியிருக்கும், அதனால உப்புத் தண்ணில ஊற வச்சு மூணு தரம் அலசிடுவேன்.”

எங்கள் மலையில் பிறந்த எவளுக்கும் கை தானாகவே இதைச் செய்யும். தக்காளியானாலும் கோபிஸ் ஆனாலும் உப்புத் தண்ணீரில் போடாமல் சமைக்க மாட்டோம். தோட்டத்தில் என்ன தெளிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? ஆனால் விதைக்குப் பூசுகிற மருந்து தோலோடு நிற்பதில்லை.

“இதைத்தான் புறாவுக்குப் போட்டியா?”

“முந்தாநாள்தான் மூட்டையப் பிரிச்சேன்.” சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் கை நின்றது. “இது குஞ்சுங்களுக்கு அரைக்க. தாய் தகப்பன் இல்லாம ரெண்டும் கத்துதுக்கா.”

கூட்டிலே மஞ்சள் மயிர் சிலும்பிய இரண்டு குஞ்சுகள். ஒன்றின் அலகில் ரோஸ் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

நான் கத்திய கத்தலில் லியோனார்ட் சிலுவை மாட்டிய அறையிலிருந்து ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டும் அசையவில்லை. “அந்தத் தோட்டத்துக் காயை நாம தின்னலையா? நாம செத்தா போனோம்?”

இப்படிப்பட்ட மூளையோடு இனி என்ன பேச? நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். நான் பாதி சொல்வதற்குள் டீச்சர் துணிக்கூடையோடு ரோட்டைத் தாண்டிவிட்டார்.

“குஞ்சுங்களக் குடுங்க.”

“நீயா வளப்ப?”

“நான் வெஷம் வைக்கறவதானே, அண்ணே. செத்தா என் மேலயே போடுங்க. உங்களுக்கும் சௌகரியம்.”

ஐவிதான் எடுத்துக் கொடுத்தாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மாவு தின்ற குஞ்சு அன்றைக்கே போய்விட்டது. மற்றதற்காக டீச்சர் ஈப்போவில் புறா வளர்க்கும் தம்பியை வீடியோ காலில் பிடித்தார். டின் பால் ஊற்றலாமா என்று கேட்டதற்கு, “அக்கா, அது பூனைக்குட்டி இல்ல!” என்று தம்பி அலறினான். பச்சைப் பட்டாணியை ஊற வைத்து, தோலுரித்து, வெதுவெதுப்பாக ஒவ்வொன்றாக அலகுக்குள் தள்ள வேண்டும். அதற்கு முன்னால் கழுத்துப் பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், போன தீனி இறங்காமல் அடுத்தது கூடாது. பெட்டிக்குள் துணி, பக்கத்தில் பல்பு, எங்கள் குளிருக்கு அது இல்லாமல் முடியாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டாணி உரித்ததே நான்தான்.

குஞ்சுக்கு இறகு முளைத்தது. லியோனார்ட் வாசலில் வந்து நின்றார்.

“பெரிசாயிருச்சு போல. கொண்டு போறேனே.”

“தாராளமா. கடை வாசல்ல தர்றேன். அங்க சொன்னத அங்கயே திருப்பி எடுத்துக்கிட்டு, வாங்கிக்குங்க.”

அவர் முறைத்துவிட்டுப் போனார். என்ன கொழுப்பு! ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஐவி அவரைக் கடைக்கே தள்ளிக்கொண்டு வந்தாள். வழக்கமான கூட்டம் இருந்தது. டீச்சர் பெட்டியோடு நின்றார்.

“டீச்சர் ஒண்ணும் செய்யல,” என்றார் லியோனார்ட், வெங்காய மூட்டையைப் பார்த்து.

“கேக்கல, அண்ணே.”

“சோளத்தப் போட்டுக் கொன்னது நாங்கதான்! போதுமா?”

டீச்சர் பெட்டியை நீட்டினார். “கழுத்துப் பையத் தொட்டுப் பாத்துட்டு தீனி வைங்க.”

உடனே நாலு பேர், எங்களுக்கு அப்பவே தெரியும் டீச்சர், என்று ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் பல் தெரியச் சிரித்த அதே நாலு பேர்.

டீச்சர் அவர்கள் பக்கம் திரும்பினார். “லியோனார்ட் அண்ணன் சொல்லிட்டாரு. மத்தவங்க?”

திடீரென்று எல்லோருக்கும் வெங்காயம் வாங்க வேண்டியிருந்தது.