தலைக்கு ஒரு வெள்ளி

ஏஜெண்டு லெட்சுமணன் மலாயாவின் லாயாங் லாயாங் ரப்பர் தோட்டத்துக்குச் சம்பள நாளாகப் பார்த்துத்தான் வருவார், அதுவும் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டோடு. இந்தியாவிலுள்ள ஊருக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கிக் கொடுப்பது அவர் பிழைப்பு. பால் மரம் வெட்டும் காளியம்மாவுக்கு அவரைக் கண்டாலே குமட்டும். ஏதோ சொந்தக் கப்பலில் இடம் ஒதுக்குகிறவரைப் போல, "ஒனக்கு எடம் இருக்கு, ஒனக்குப் பாக்கணும்" என்று கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று அவர் விரல் நீட்டுவார். அவள் புருஷன் ஐயாசாமி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பல்லைக் காட்டுவான். எது அதிகம் குமட்டியது என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் 1928 தை மாதம் ஊரில் அவள் தம்பிக்குக் கல்யாணம். போயே ஆகவேண்டும். இருவருக்கும் டிக்கெட்டுக்குப் பணம் கட்டினார்கள்.

நாளைக்குக் கப்பல் என்று சொல்லிப் பத்துப் பேரை ரயிலேற்றிய லெட்சுமணன், சிங்கப்பூருக்குப் போகாமல் அதற்கு முந்தின ஊரான ஜொகூர் பாருவிலேயே எல்லோரையும் இறக்கினார்.

"கப்பல் மெஷின்ல கோளாறு. எட்டு நாளாகும். சிங்கப்பூர்ல தங்குனா சொத்தே போயிரும். இங்க நம்ம ஆளு விடுதி இருக்கு, வாங்க."

விடுதி என்பது மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் இருட்டறை. பத்துப் பேரும் அதில்தான். வாடகையும் சோற்றுக்காசும் அன்றாடம் தரவேண்டும். மூன்றாம் நாள் அவர் தகரப்பெட்டிக் கடைக்காரனைக் கூட்டி வந்தார். "பெட்டி இல்லாதவன டெக்குல ஏத்தமாட்டான்" என்றார். ஐயாசாமி முதல் ஆளாய்ப் போய் ஒன்றைத் தூக்கி வந்தான்.

"நம்மகிட்ட இருக்கறது நாலு துணி. அதுக்குப் பெட்டியாய்யா?"

"ஏஜெண்டையாவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?"

அன்று மாலை காளியம்மா தனியாக ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தாள். கப்பல் கம்பெனி நோட்டீஸ் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. டிக்கெட் பரிசோதகர் மரியநாதனிடம் அதைப் படித்துச் சொல்லும்படி கேட்டாள்.

"பதினேழாந்தேதி கப்பல். போன மாசமே ஒட்டுனதும்மா. கோளாறும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்ப எங்கள ஏன் எட்டு நாள் முன்னாடியே கூட்டியாந்தாரு?"

மரியநாதன் சிரித்தார். "டிக்கெட்டுக்குக் கம்பெனி அவருக்குக் கமிஷன் தருது. அது போதுமா? நீங்க தங்குற ஒவ்வொரு நாளுக்கும் விடுதிக்காரன் தருவான். பெட்டிக்கடைக்காரனும் தருவான். நீங்க நடந்தாலும் அவருக்குக் காசு, ஒக்காந்தாலும் காசு."

அவள் விடுதிக்குத் திரும்பி எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னாள். லெட்சுமணன் ஈஸிச்சேரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. கூட வந்தவர்கள்தான் பதறினார்கள். "சும்மா இரும்மா. டிக்கெட் அவரு கையில இருக்கு" என்றான் ஒருவன். அவளுக்கு அந்த ஒன்பது பேர் மேலும் அருவருப்பு வந்தது. இந்த ஏஜெண்டு கொழுக்காமல் வேறெப்படி இருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஐயாசாமி, ஒன் பொண்டாட்டி கெட்டிக்காரி" என்றார் லெட்சுமணன். "நீ ஏன் கூலியாவே கெடக்கற? ஒந்தோட்டத்துல ஊருக்குப் போற ஆளாப் பாத்துச் சேத்துக் குடு. தலைக்கு ஒரு வெள்ளி. இந்தக் கப்பல விடு, ஒன் டிக்கெட்ட வேற ஆளுக்கு வித்துத் தரேன்."

ஐயாசாமி அவளைப் பார்த்தான். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அவரெதிரே அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"கல்யாணத்துக்கு நீ போயிட்டு வா, புள்ள. நான் சம்பாதிச்சு வைக்கிறேன்."

"யாருகிட்டய்யா சம்பாதிப்ப? பக்கத்து லயத்துக்காரங்ககிட்டயா?"

அவள் லெட்சுமணன் முன்னால் போய்க் கையை நீட்டினாள். "என் டிக்கெட்டக் குடு." அதுவரை யாரும் அவரிடம் அப்படி ஒருமையில் பேசியதில்லை. அவர் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மீதி நாட்களை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மரியநாதன் வீட்டுப் பின்கட்டில் கழித்தாள். அவர் மனைவி டொரத்தி வாடகை வாங்கவில்லை. பதினேழாந்தேதி காளியம்மா தனியே சிங்கப்பூர் போய்க் கப்பலேறினாள். துணிமூட்டையோடுதான் போனாள். டெக்கில் யாரும் பெட்டி எங்கே என்று கேட்கவில்லை.

கல்யாண வீட்டில் தம்பி, "மாமா வரலியா அக்கா?" என்று கேட்டான்.

"அவருக்குப் புது வேல கெடச்சிருக்கு" என்றாள். என்ன வேலை என்று அவன் கேட்டபோது, பந்தியில் ஆள் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.