கோஜா மைதீனின் ஒரே படம்

கோஜா மைதீன் தன் ஆயுளில் ஒரு போட்டோவுக்கும் நின்றதில்லை. உருவம் பிடிப்பது மார்க்கத்துக்கு ஆகாது என்பதில் அப்படியொரு பிடிவாதம். கழுத்துவலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மட்டும், "எலும்புதானே, உருவமில்லையே" என்று எக்ஸ்ரேவுக்குச் சம்மதித்தார். மறுவருஷம் நாகப்பட்டினம் போன இடத்தில் காய்ச்சல் கண்டு மௌத்தாகிவிட்டார்.

மூன்று வருஷத்தில் அவர் முகம் மனைவி சுல்தான் பீவிக்கு மங்கத் தொடங்கியது. பயந்துபோய், தேக்கா வீட்டிலிருந்து ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்து அந்த எக்ஸ்ரே கண்ணாடித் தகட்டைக் கேட்டாள்.

அன்று எக்ஸ்ரே எடுத்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அருளப்பன் அதைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"இதுல முகம் தெரியாதும்மா. கழுத்தெலும்புதான். ஓரமெல்லாம் தேஞ்சு, முள்ளு மாதிரி வளந்திருக்கு பாருங்க. நோயில்ல, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

எல்லாருக்கும் இருப்பதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாள்? அவளுக்கு எரிச்சலாக வந்தது. அப்போதுதான் தாடையைக் கவனித்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இது ஏன் இப்படி?"

"அசையாதீங்கன்னு எவ்வளவோ சொன்னேன். மொதத் தகடு வீணாப் போச்சு. ரெண்டாவதுலயும் மனுசன் பேச்ச நிறுத்தல."

"என்ன சொன்னாங்க?"

அருளப்பன் சிரித்துவிட்டான். "'சீக்கிரம் விடுப்பா, நான் வீட்டுக்குப் போற வரைக்கும் அவ சாப்பிட மாட்டா'ன்னாரு."

சுல்தான் பீவி தகட்டை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மணி இரண்டாகியிருந்தது. அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.